பதில் சொன்ன இரும்பு

வாயாடிக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. மற்றவர்களுக்குப் பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், இவனுக்கு அவிழ்ந்துகொள்ளும். அந்தப் பெயர் ஒட்டியதே அதனால்தான். இன்று அந்தப் பண்ணைக்குப் போகும் மண்பாதையில் ஸ்கூட்டரைத் திருப்பியதிலிருந்து அவன் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"மேடம், ஒரு சந்தேகம். காணாமப் போனவரைத் தேட நாம வந்திருக்கோம். நாம காணாமப் போனா யார் வருவாங்க?"

"பாதையைப் பார்த்து ஓட்டு" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த மேடம்.

"பாதையைத்தான் பார்க்கிறேன். வேலி இல்லாம, மாடு இல்லாம, ஆள் இல்லாம வெறிச்சோடிக் கிடக்கு."

உண்மையிலேயே வெறிச்சோடித்தான் கிடந்தது. பாதையின் இரண்டு பக்கமும் வேலிக்கல் பிடுங்கிய குழிகள் வரிசையாகப் போயின. பழைய முள்கம்பியை அறுத்து எடுத்த இடத்தில் துண்டு துண்டாகக் கம்பி நுனிகள் புல்லுக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. வேலி எடுத்த நிலத்தைப் பார்த்தால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. எந்தப் பக்கத்திலிருந்தும் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று வாயாடிக்குத் தோன்றியது. தோன்றியவுடன் இன்னும் கொஞ்சம் பேசினான்.

மேடத்துக்கு இந்த வேலை புதிதல்ல. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில், தீப்பிடித்த கடைகள் தாமாகத்தான் பிடித்தனவா என்று கேட்டுக் கேட்டே பாதி ஆயுளைக் கழித்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். சோடாப்புட்டிக் கண்ணாடி, பருத்திப் புடவை, கையில் ஒரு குடை. காலையில் அவரைத் தேடி வந்தது பழைய இரும்பு வாங்கும் ஒருவரின் மனைவி. முந்தின நாள் காலையில் இந்தப் பண்ணைக்கு வேலிக்கம்பியும் பழைய இரும்பும் எடுக்கப் போன கணவர் திரும்பி வரவில்லை. அவருடைய லாரி மட்டும் நெடுஞ்சாலை ஓரமாகச் சரக்கோடு நின்றுகொண்டிருந்தது. சாவி வண்டியிலேயே தொங்கியது. போலீசில் சொன்னதற்கு, வீட்டில் சண்டையா என்று கேட்டார்களாம்.

லாரியை மேடம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடியில் உடைந்த கலப்பை, பம்பு, தண்டவாளத் துண்டு. அதற்கு மேல் முள்கம்பிச் சுருள்கள், தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஆடிக்கொண்டு.

"உங்க வீட்டுக்காரர் எப்பவும் இப்படித்தான் ஏத்துவாரா?" என்று கேட்டார்.

அந்த அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, "ஐயோ, கம்பியை மேல வெப்பாரா? அடியில கம்பி, அது மேல கனமான இரும்பு. அப்பத்தான் கம்பி அமுங்கும், இடமும் மிஞ்சும். மேல வெச்சா காத்துல பறந்து பின்னாடி வர்றவன் கழுத்தை அறுத்துடும்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. லாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சரக்கை ஏற்றியது அவரில்லை. அப்படியானால் லாரியை ஓட்டி வந்ததும் அவரில்லை. அவர் பண்ணையை விட்டுக் கிளம்பவே இல்லை. அதனால்தான் இந்த ஸ்கூட்டர் பயணம்.

பண்ணைக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சாந்தமான முகம், அடக்கமான குரல். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையிலும் சுற்றி வைத்திருந்தார்.

"நேத்து வந்தார், ஏத்தினார், போனார். அவ்வளவுதாங்க எனக்குத் தெரியும்."

"நீங்க ஒத்தாசை பண்ணினீங்களா?"

"இல்லைங்க. நான் கையே வைக்கல. நிலத்தை விக்கப் போறேன். வாங்குறவர் ஒரு துண்டுக் கம்பி கூட இருக்கக்கூடாதுன்னு சொல்லிட்டார். அதான் ஆளைக் கூப்பிட்டேன்."

மேடம் தண்ணீர் கேட்டார். அவர் யாரிடமும் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வாயாடி பார்த்ததில்லை. வீட்டுக்குள் போகத்தான் கேட்பார்.

கூடத்தில் ஒரு பெரிய இரும்பு பீரோ நின்றது. பச்சை வண்ணம் உரிந்து, கால் ஒன்று வளைந்து, முட்டுக் கொடுத்திருந்தது. அதன் பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு வந்தவர் பண்ணைக்காரரின் அண்ணி. நரைத்த தலை, நிமிர்ந்த நடை.

வாயாடி பீரோவைத் தட்டிப் பார்த்து, "இதையும் நேத்தே போட்டிருக்கலாமே. நல்ல கனம்" என்றான்.

"தம்பியும் அதான் சொன்னார். நான் விடல" என்றார் அண்ணி. "என் வீட்டுக்காரர் பீரோ இது. வெளிநாட்டுக்குப் போகும்போது சாவியைக் கையோட எடுத்துட்டுப் போயிட்டார். வந்து திறப்பார்."

"போய் எவ்வளவு நாள் ஆச்சு?"

"ஆச்சு, அது ஆகிப்போச்சு" என்றார் அண்ணி. பண்ணைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாயாடி பூட்டைக் கவனித்தான். பீரோ முழுக்கத் துரு. சாவித்துளை மட்டும் எண்ணெய் போட்டுப் பளபளவென்று இருந்தது. பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தையும் மீறி, பண்ணைக்காரர் டம்ளரை வாங்கிக் கொடுக்கக் கை நீட்டியபோது துண்டு நழுவியதைப் பார்த்துவிட்டான். உள்ளங்கை முழுக்கக் கீறல். சிவந்த, புதிய கீறல். முள்கம்பியைப் பழக்கமில்லாதவன் தூக்கினால் விழுகிற கீறல். கையே வைக்காதவருக்கு எப்படி வந்தது?

மேடம் எதுவும் பார்க்காதவர் போல டம்ளரைக் கீழே வைத்து, "நிலத்தைச் சுத்திப் பார்க்கலாமா?" என்றார்.

வீட்டுக்குப் பின்னால், பழைய தொழுவத்தைத் தாண்டி, அந்தக் குவியல் இருந்தது. ஒரு பழைய இரும்பு கேட்டைப் படுக்கவைத்து, அதன் மேல் முள்கம்பிச் சுருள்கள், வேலித்தூண்கள், உடைந்த தள்ளுவண்டிச் சக்கரம். ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. மொத்த நிலத்திலும் ஆணி கூட மிச்சமில்லை. இது மட்டும் மலை மாதிரி.

அருகில் போனதும் உள்ளிருந்து மெதுவாக ஒரு சத்தம் கேட்டது. டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டக்.

"வெயில்ல இரும்பு காய்ஞ்சா அப்படித்தாங்க சத்தம் போடும்" என்றார் பண்ணைக்காரர்.

வாயாடி சிரித்து வைத்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. சத்தம் என்ன என்று யாரும் கேட்கவில்லையே?

மேடம் குடையை ஊன்றிக்கொண்டு, "இதை மட்டும் ஏன் விட்டுட்டார்?" என்றார்.

"லாரி நிறைஞ்சு போச்சுங்க. நாளைக்கு வந்து எடுக்கிறேன்னார்."

"ஓஹோ. இது ரொம்ப நாளா இங்கேயே கிடக்கிற குவியலா?"

"எங்க அப்பா காலத்துலேர்ந்து."

மேடம் குனிந்து, குடை நுனியால் ஒரு கம்பிச் சுருளின் ஓரத்தை லேசாகத் தூக்கினார். அடியில் புல் பச்சைப் பசேலென்று இருந்தது. அப்பா காலத்துக் குவியல் என்றால் அடியில் புல் செத்து வெளுத்திருக்க வேண்டும். வாயாடிக்கும் அது புரிந்தது. மேடம் சுருளை மெல்லக் கீழே விட்டு, புடவையைச் சரி செய்துகொண்டார்.

"மேடம், மழை வர்ற மாதிரி இருக்கு. போயிட்டு நாலு பேரோட வரலாமா? நாலு போதாதுன்னா எட்டு?" என்றான் தாழ்ந்த குரலில்.

"மழை வரட்டும். அதுக்குத்தான் நிக்கிறேன்."

மேகம் வந்தது. வெயில் போனது. காற்று குளிர்ந்து, முதல் தூறல் இரும்பின் மேல் விழுந்தது. மூன்று பேரும் நின்றார்கள். டக் என்றது குவியல். மறுபடியும் டக்.

"ஆறும்போதும் சத்தம் வருங்க" என்றார் பண்ணைக்காரர். உதடு வெளுத்திருந்தது.

"வரும், வரும்" என்று மேடம் ஒப்புக்கொண்டார். குவியலின் ஓரத்தில் தரையிலிருந்து ஒரு பழைய குழாய் முழங்கை உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்து, அதன் மேல் தட்டினார். டக், டக்.

தூறல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, தரைக்கு அடியிலிருந்து: டக், டக்.

மேடம் மறுபடி தட்டினார். ஒன்று, கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்று. கீழேயிருந்து அதே மாதிரி ஒன்று, இடைவெளி, அவசர அவசரமாக மூன்று.

"வெயில்ல இரும்பு சத்தம் போடும், வாஸ்தவம்" என்றார் மேடம். "ஆனா பதில் சொல்லாது."

பண்ணைக்காரர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கீறல் விழுந்த கைகளால் மூடிக்கொண்டார். சொன்னதெல்லாம் அழுகையோடு வந்தது. கீழே பழைய தண்ணீர்த் தொட்டி. ரொம்ப நாளாக வறண்டு கிடக்கிறது. தகரம் போட்டு மூடி, அதன் மேல் புல் வளர்ந்துவிட்டது. வேலிக்கம்பியையும் வெளியே கிடந்த இரும்பையும் மட்டும்தான் இவர் எடுக்கச் சொன்னார். ஆனால் இரும்புக்காரர் கண்ணில் தகரம் பட்டால் விடுவாரா? இழுக்கப் போய், துருப்பிடித்த தகரம் பிய்ந்து உள்ளே விழுந்துவிட்டார். சத்தமே இல்லை. செத்துவிட்டார் என்று நினைத்துப் பயந்துபோய்...

"நிலம் விக்கிற நேரத்துல சாவுன்னா யார் வாங்குவாங்க? புத்தி கெட்டுப் போச்சுங்க. ராத்திரி பூரா இந்தச் சத்தம். இரும்புதான், இரும்புதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

வாயாடிக்கு அவர் மேல் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. பயந்தவனின் கஷ்டம் அவனுக்குத் தெரியாதா?

"அழுறதை அப்புறம் வெச்சுக்கலாம். டிராக்டர் இருக்கில்ல? குவியலை இழுங்க" என்றார் மேடம்.

பண்ணைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார். மேடம் போனை எடுத்து மேலே கீழே ஆட்டினார். சிக்னல் இல்லை. வீட்டுப் பக்கம் நடந்துகொண்டே, "குழாயில பேசு. தெம்பு சொல்லு. உனக்குத்தான் வாய் இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாயாடி முழங்கால் போட்டு, குழாயின் வாயில் வாயை வைத்தான். "அண்ணே, கேட்குதா? பயப்படாதீங்க. உங்க வீட்டுலதான் அனுப்பினாங்க. இப்ப எடுத்துடுவோம்."

காதை வைத்தான். குழாய்க்குள் குளிர்ந்த காற்று. அதற்குள் கத்திக் கத்திக் கரகரத்துப் போன ஒரு குரல். "தண்ணி..."

"தர்றேன், வாங்கித் தர்றேன். உடம்பு எப்படி இருக்கு? தனியா இருந்து ரொம்ப பயந்துட்டீங்களா?"

"தனியா இல்ல."

"என்னது?"

"இங்க ஒருத்தர் முன்னாடியே இருக்கார்."

"பேசுறாரா?" என்றான் வாயாடி.

"எலும்பு பேசுமா தம்பி?" குரல் உடைந்தது. "அந்த ஆள் கிட்ட மட்டும் என்னை விட்டுடாதீங்க. நான் விழுந்ததும் கத்தினேன். எட்டிப் பார்த்தார். நல்லாப் பார்த்தார். அதுக்கப்புறம்தான் மூடினார்."

பின்னால் டிராக்டர் உறுமியது.

வாயாடி திரும்பினான். பண்ணைக்காரர் சங்கிலியை கேட்டில் மாட்டிவிட்டு, சீட்டில் ஏறியிருந்தார். குவியல் தொட்டியின் ஒரு ஓரத்தில் கிடந்தது. இந்தப் பக்கம் இழுத்தால் தரைக்கு வரும். டிராக்டர் நின்றது எதிர்ப்பக்கம். அங்கிருந்து இழுத்தால் அத்தனை இரும்பும் துருத்தகரத்தின் நடுவுக்குப் போகும். தகரம் தாங்காது. சக்கரமும் தூணும் கம்பியுமாக மொத்தமும் அந்த மனிதர் தலையில் இறங்கும். விபத்து என்று சொல்லிக்கொள்ளலாம். பதற்றத்தில் பக்கம் மாறிப்போச்சுங்க என்று அழலாம். முன்னால் கிடக்கும் எலும்பும் இரும்போடு இரும்பாகப் போய்விடும்.

வாயாடி கத்தப் பார்த்தான். சத்தம் வரவில்லை. பிறந்ததிலிருந்து முதல் முறையாக, தேவைப்பட்ட நேரத்தில், வாய் அவனைக் கைவிட்டது. சங்கிலி மண்ணிலிருந்து எழும்பி, நிமிர்ந்து, இறுகத் தொடங்கியது.

கால் மட்டும் வேலை செய்தது. ஓடிப் போய்க் குவியலின் மேல் ஏறினான். முள்கம்பி பேண்டைக் கிழித்தது, முழங்காலைக் கிழித்தது. உச்சியில் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் ஒரு வேலித்தூணைக் கட்டிக்கொண்டான். இனி இழுத்தால் இரண்டு பேர் சாவார்கள். இரண்டு பேரைக் கொல்ல மாட்டார் என்று அவன் நம்பவில்லை. வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

பண்ணைக்காரர் அவனைப் பார்த்தார். சாந்தமான முகம் அப்படியே இருந்தது. டிராக்டரின் உறுமல் கூடியது. அடியில் கேட் ஒரு விரல்கடை நகர்ந்தது. தகரம் முனகியது. வாயாடி கண்ணை மூடிக்கொண்டு அம்மாவை நினைத்தான்.

"தம்பி. வண்டியை நிறுத்துங்க."

உரத்த குரல் இல்லை. மழையில் குடை பிடித்தபடி அண்ணி நின்றுகொண்டிருந்தார். மேடத்தின் குடை அது. மேடம் அவருக்குப் பின்னால் நனைந்துகொண்டு நின்றார். வீட்டுக்கு அவர் போனது போனுக்காக மட்டுமல்ல என்று வாயாடிக்கு அப்போதுதான் விளங்கியது.

"அந்தப் பையன் மேல படுத்திருக்கான், தெரியலையா? நிறுத்துங்கன்னு சொல்றேன்ல."

பண்ணைக்காரர் அண்ணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அண்ணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். சங்கிலி தளர்ந்து சேற்றில் விழுந்தது.

மேடம் வீட்டுப் போனிலிருந்து சொல்லியிருந்ததால் தீயணைப்பு வண்டியும் போலீசும் சேர்ந்தே வந்தன. கம்பிகளை ஒவ்வொன்றாக, சரியான பக்கத்திலிருந்து எடுத்தார்கள். வாயாடிக்கு முழங்காலில் கட்டுப் போட்டதும் வாய் திரும்பி வந்துவிட்டது.

"மேடம், அவர் பொய் சொல்றார்னு எப்ப தெரிஞ்சது?"

"விபத்துன்னா யாரா இருந்தாலும் முதல்ல கத்துவான், உதவிக்கு ஓடுவான். இவர் மூடினார். எட்டிப் பார்க்கிறவங்க வேற எதையோ பார்த்துடுவாங்கன்னு பயம் இருந்தாத்தான் மூடத் தோணும்."

"அப்புறம் ஏன் டிராக்டர் எடுக்கச் சொன்னீங்க? நான் போய்ச் சேர்ந்திருப்பேனே."

"எந்தப் பக்கம் நிறுத்துறார்னு பார்க்கணும்னு நினைச்சேன்." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ மேல ஏறுவேன்னு நினைக்கல. தப்பு என்னுதுதான்."

இரும்புக்காரரைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். முகமெல்லாம் சேறு, ஒரு கால் ஒடிந்து தொங்கியது. ஆனால் உயிரோடு, தண்ணீர் கேட்டுக்கொண்டு வந்தார். குடித்து முடிக்கும் வரை வலது கையின் பிடியை அவர் விடவில்லை.

"எதை வெச்சுத் தட்டினீங்க?" என்று கேட்டார் மேடம்.

அவர் கையைத் திறந்தார். "இருட்டுல தடவினப்ப கிடைச்சுது. இரும்புன்னு எடுத்தேன். பித்தளை. உள்ள எலும்பாக் கிடந்தவர் இடுப்புல இருந்துச்சு."

ஒரு வளையத்தில் கோத்த பித்தளைச் சாவி. ஒரே ஒரு சாவி.

போலீஸ் ஜீப்பில் உட்கார்ந்திருந்த பண்ணைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி முன்னால் வந்து, அந்த அழுக்குக் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டார். முந்தானையால் அதைத் துடைத்தார். வீட்டுக்குள் போனார்.

மேடமும் வாயாடியும் வாசல் வரை போய் நின்றுவிட்டார்கள். இத்தனை வருஷமும் எண்ணெய் போட்டு வைத்திருந்த பூட்டு. ஒரே திருப்பில் திறந்தது. உள்ளே மடித்து வைத்த சட்டைகளும், பிரிக்காத ஒரு புதுப் புடவையும் இருந்தன. அண்ணி புடவையின் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

பிறகு வாயாடி பக்கம் திரும்பினார். அழவில்லை, குரல் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது.

"தம்பி, அந்த இரும்புக்காரர் கால் சரியானதும் வரச் சொல்லுங்க. இந்த பீரோவைப் போட்டுடலாம்."